வேதக்கோயிலை இடிக்கும் முன்...

நம் ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை பழைய கட்டடங்கள் இரண்டே வகைதான். ஒன்று, ராஜா கட்டியது. மற்றொன்று, இடிக்க வேண்டியது.

கங்கைகொண்ட சோழபுரம் முதல் வகை. 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது, இனி அதற்குக் கவலை இல்லை. ரஞ்சன்குடிக் கோட்டையும் முதல் வகைதான். தொல்லியல் துறை பலகை வைத்திருக்கிறது. இந்த இரண்டையும் தாண்டி அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் நூறு வயதை ஒட்டிய கட்டடங்கள் எத்தனையோ உண்டு. அக்கிரகாரத்து வீடுகள், பழைய சத்திரங்கள், தாலுகா கச்சேரிகள், கிராமத்து வேதக்கோயில்கள். இவை எல்லாம் இரண்டாம் வகையில் போய்ச் சேர்ந்து கொண்டிருக்கின்றன.

இவற்றில் கடைசியாகச் சொன்ன வேதக்கோயிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. "அப்புறம் உனக்கு என்னடா வேலை?" என்று கேட்பீர்கள். படிப்பது சிவில் என்பதால் கட்டடம் என்றால் கொஞ்சம் நின்று பார்ப்பேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. என் தாத்தா 'அ' எழுதக் கற்றது அப்படிப்பட்ட ஒரு கோயிலுக்குள்தான்.

எந்தக் கோயில்?

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், எந்த மிஷன் என்பதும் வேண்டாம். சொன்னால் யார் யாரைப் பற்றி என்று தெரிந்துவிடும். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போனால், ஊர்த் தெருவைத் தாண்டி, காலனித் தெருவின் முனையில் இருக்கிறது. ஒரு வகுப்பறையைவிடக் கொஞ்சம் பெரிய ஒற்றை அறை. செங்கல், சுண்ணாம்புச் சாந்து. இரண்டு பக்கச் சரிவாக மங்களூர் ஓடு. பக்கத்துக்கு மூன்று வளைவு ஜன்னல். முன்னால் சின்னத் திண்ணை. கோபுரம் கிடையாது. மணி, ஒரு வேப்ப மரத்தில் தொங்குகிறது.

அதை இடித்துவிட்டு காங்கிரீட்டில் புதிய ஆலயம் கட்ட முடிவாகியிருக்கிறது. ஃபிளெக்ஸ் பேனரும் வைத்தாயிற்று. பேனரில் இருக்கும் படத்தில் இரட்டைக் கோபுரம், கண்ணாடி முகப்பு, முன்னால் நிற்கும் இரண்டு கார். அந்தத் தெருவுக்குள் கார் எப்படி நுழையும் என்று தெரியவில்லை :-)

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். புதிய ஆலயம் கட்டுங்கள், தப்பில்லை. பழையதை இடிக்காதீர்கள். அது சாதாரணமாக இருக்கிறது என்பதுதான் இடிப்பதற்குச் சொல்லப்படும் காரணம். நானோ அது சாதாரணமாக இருப்பதுதான் அதன் வரலாறு என்கிறேன்.

பெரிய கோயிலுக்குப் பெரிய கதை

நம் மாவட்டத்தில் 'பழைய சர்ச்' என்றால் எல்லோரும் ஏலாக்குறிச்சியைச் சொல்வார்கள். சரிதான். கொள்ளிடத்துக்கு வடக்கே, திருமானூர் பக்கம் இருக்கும் ஊர். அடைக்கல மாதா கோயில். வீரமாமுனிவர் இருந்து பணியாற்றிய இடம்.

பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் படித்திருப்போம். 1680ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, 1710ல் இந்தியா வந்தார். முதலில் தைரியநாதர், அப்புறம் வீரமாமுனிவர். தேம்பாவணி 3615 பாடல்கள். 1732ல் சதுரகராதி. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாட்டை இன்று நாம் எழுத்தில் காட்டும் விதத்துக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறோம். பரமார்த்த குரு கதையும் அவருடையதுதான். ஏலாக்குறிச்சிக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். திருக்காவலூர்க் கலம்பகம் இந்த ஊர் மாதாவின் மேல் பாடியது.

ஏன் 'காவலூர்', ஏன் 'அடைக்கலம்'? தஞ்சாவூர் ராஜ்ஜியத்தில் கிறிஸ்தவர்களுக்கு நெருக்கடி வந்தபோது கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர் மழவராயர் எல்லைக்குள் வந்தால் தப்பிக்கலாம் என்றிருந்ததாகச் சொல்வார்கள். மழவராயருக்கு வந்த ராஜபிளவையை வீரமாமுனிவர் குணப்படுத்தினார், அதற்காக நிலம் கிடைத்தது என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு ஊரின் பெயரும் கோயிலின் பெயரும் 'இங்கே வந்தால் காப்பாற்றப்படுவாய்' என்ற ஒரே விஷயத்தைச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏலாக்குறிச்சியை யாரும் இடித்துத் தள்ளப் போவதில்லை. அதற்குப் புலவர் உண்டு, ராஜா உண்டு, கதை உண்டு, திருவிழாவுக்கு வரும் கூட்டம் உண்டு. நான் சொல்லும் காலனித் தெருக் கோயிலுக்கு இதில் எதுவும் கிடையாது. அதைக் கட்டியவர்கள் கலம்பகம் பாடவில்லை. கல் சுமந்தார்கள்.

ராஜாவின் முத்திரை இல்லாத கோயில்கள்

இந்த மாதிரிச் சின்னக் கோயில்களின் வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கிறது. முதலில் தரங்கம்பாடி. சீகன்பால்க் 1706ல் அங்கே வந்து இறங்கினார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ல் பிரதிஷ்டை ஆனது. இன்றும் அதில் ஆராதனை நடக்கிறது. சிலுவை வடிவக் கட்டடம். முகப்பைப் பார்த்தால் மேலே டென்மார்க் ராஜாவின் முத்திரை, கிரீடத்தோடு. ராஜா அனுப்பிய மிஷன், அதனால் ராஜாவின் முத்திரை. அதில் ஒளிவு மறைவு இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு வகை உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கத்தின் சபை என்று ஒன்று இருந்தது. அதற்கு இணங்க மாட்டோம் என்று வெளியே வந்தவர்களுக்கு 'நான்கன்ஃபார்மிஸ்ட்' என்று பெயர். 'இணங்காதவர்கள்' என்று சொல்லலாம். காங்கிரிகேஷனல், பாப்டிஸ்ட், பிறகு மெதடிஸ்ட் எல்லாம் இந்தக் கூட்டம். 1689ல் சகிப்புச் சட்டம் வரும்வரை அவர்கள் கூடி ஜெபிப்பதே குற்றம். வீட்டிலும் களத்துமேட்டுக் கொட்டகையிலும் கூடினார்கள். சட்டம் வந்த பிறகு கட்டிய கோயில்களும் அந்தக் கொட்டகை மாதிரியே இருந்தன. வேல்ஸில் மேசிரொன்னன் என்ற இடத்தில் 1690களில் உருவான ஒரு கோயில் இன்றும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் விவசாயக் கட்டடம் என்றுதான் நினைப்பீர்கள்.

உள் அமைப்பிலும் ஒரு கொள்கை உண்டு. பலிபீடம் நடுவில் இல்லை, பிரசங்க பீடம் நடுவில். பழைய வேல்ஸ் கோயில்களில் நீளச் சுவரின் மத்தியில் பிரசங்க பீடம், அதன் இரண்டு பக்கமும் உயரமான ஜன்னல், எதிரில் பெஞ்சுகள். பீடத்துக்குக் கீழே மூப்பர்களுக்கு ஒரு பெரிய இருக்கை. அதாவது கட்டடம் 'பார்ப்பதற்காக' இல்லை, 'கேட்பதற்காக'. எல்லோருக்கும் குரல் எட்ட வேண்டும், படிப்பதற்கு வெளிச்சம் வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் கூட்டம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. வெஸ்லியன் மிஷனரி ஜேம்ஸ் லிஞ்ச் 1817ல் சென்னை வந்தார். மன்னார்குடியின் ஃபின்லே பள்ளி அந்த மிஷன் வழியில் வந்ததுதான். 1834ல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் காங்கிரிகேஷனல். 1947 செப்டம்பர் 27ல் ஆங்கிலிக்கன்களும் இந்த 'இணங்காதவர்களும்' சேர்ந்துதான் தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். இங்கிலாந்தில் முந்நூறு வருடம் முறைத்துக் கொண்டிருந்தவர்கள் இங்கே ஒரே சபையானது பெரிய விஷயம்தான். பெத்தேல், எபினேசர், சீயோன், சாலேம் என்று நம் பக்கத்துக் கோயில்களில் பார்க்கும் பெயர்கள் வேல்ஸ் கிராமங்களிலும் தெருவுக்குத் தெரு உண்டு.

நம் கிராமத்து வேதக்கோயில், எந்த மிஷன் கட்டியதாக இருந்தாலும் சரி, பெரும்பாலும் இந்தச் சின்ன அறை வகையைச் சேர்ந்தது. முகப்பில் ராஜா முத்திரை இருக்காது. நீள அறை, இரண்டு பக்க ஜன்னல், ஒரு முனையில் சின்ன மேடை. அதன் அடக்கம் தெரியாத்தனம் இல்லை. காசு குறைவு, அதோடு கொள்கையும்.

ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மங்களூர் ஓடு நம்மூரில் எல்லா இடத்திலும் இருப்பதால் அதற்கு வரலாறு இருக்கும் என்றே நமக்குத் தோன்றாது. 1865ல் பாசல் மிஷன் மங்களூரில் ஆரம்பித்த ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவியது அது. மதம் மாறியதால் பிழைப்பு இழந்தவர்களுக்கு வேலை தர மிஷன் தொடங்கிய தொழில்களில் ஒன்று. கூரையில் இருக்கும் ஒரு ஓட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அது கோயில் மட்டும் இல்லை

என் தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாளில் பள்ளிக்கூடம். வாத்தியாரும் உபதேசியாரும் ஒரே ஆள். தரையில் மணல் பரப்பி விரலால் எழுத வேண்டும். தாத்தா ஊர்த் தெருக்காரர். காலனிப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார அவர் வீட்டில் முதலில் சம்மதிக்கவில்லையாம். பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் இல்லாததால் அனுப்பினார்கள். 'எழுத்து வேணும்னா அங்கதான் போகணும்' என்பார் தாத்தா. யோசித்துப் பாருங்கள். காலனிக்காரர்கள் ஊர்த் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலத்தில், ஊர்த் தெருப் பிள்ளை காலனிக்குப் போய் எழுத்துக் கற்றிருக்கிறது. அதற்கு ஒரே சாட்சி அந்த அறைதான்.

வேல்ஸிலும் இதே கதை. அங்கே ஞாயிறு பள்ளிக்கூடம் என்றால் குழந்தைகளுக்கு மட்டும் இல்லை, பெரியவர்களுக்கும்தான். பாமர விவசாயிகள் தங்கள் தாய்மொழியில் படிக்கக் கற்றது அங்கே. மேரி ஜோன்ஸ் கதை ஞாயிறு பள்ளிக்குப் போன நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். 1800ல் ஒரு நெசவாளியின் மகள், சொந்த மொழியில் ஒரு வேதாகமம் வாங்க 40 கிலோமீட்டர் போல நடந்து போனாள். ஆங்கிலம்தான் ஆட்சிமொழி என்றிருந்த காலத்தில் வெல்ஷ் மொழி உயிரோடு இருந்ததற்கு அந்தச் சின்னக் கோயில்கள் ஒரு முக்கியக் காரணம்.

கட்டடம் எப்படிச் சாட்சி சொல்லும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இன்னொரு உதாரணம், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்கக் கோயில். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு மண்டபம். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசையைப் பார்க்கலாம். நடுவில் இருந்த தடுப்பை 1910ல் உடைத்தார்கள். சாதியை எப்படிச் செங்கல்லில் கட்டினார்கள், பிறகு எப்படி உடைத்தார்கள் என்று நூறு பக்கம் எழுதிப் புரிய வைப்பதை அந்தக் கட்டடத்தின் தரைப்படம் ஒரு நிமிடத்தில் புரிய வைத்துவிடும்.

காலனித் தெருக் கோயிலும் அப்படித்தான். அது ஊர்த் தெருவில் இல்லாமல் அங்கே ஏன் இருக்கிறது, திண்ணை ஏன் வெளிப்பக்கம் இருக்கிறது, ஏன் இத்தனை ஜன்னல் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. இடித்துவிட்டால் கேள்வியே இருக்காது.

"உங்களுக்கு என்ன போச்சு?"

இதை அந்தத் தெருக்காரர் ஒருவரிடம் சொன்னேன். அப்பா வயசு. அவர் கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன்.

"தம்பி, உங்க தெருவுல பிள்ளையார் கோயிலுக்கு கிரானைட் போட்டீங்க. அப்போ யாராச்சும் வந்து பழசு அழகு, அப்படியே விடுங்கன்னு சொன்னாங்களா? நாங்க மட்டும் காலத்துக்கும் ஓட்டுக் கட்டடத்துலயே இருக்கணுமா? ஊர்லயே உசந்த கட்டடம் எங்களுதா இருக்கணும்னு எங்களுக்கு ஆசை இருக்காதா?"

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. பாரம்பரியம் பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் மாடி வீட்டில் இருந்து கொண்டுதான் பேசுகிறோம். ஒழுகாத கூரை, ஃபேன், டைல்ஸ், எல்லோரும் உட்கார இடம் எல்லாம் அவர்கள் உரிமை. உயரமான கோபுரம் என்பது வெறும் ஆடம்பரம் இல்லை. 'நாங்களும் இருக்கிறோம்' என்ற அறிவிப்பு. அந்தக் கோபுரத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

நான் கேட்பது வேறு. கோபுரம் கட்டுங்கள், ஆனால் அதைப் பழைய கோயிலின் மேல் ஏன் கட்ட வேண்டும்? பக்கத்தில் காலி இடம் இருக்கிறது. உங்கள் பாட்டன் பூட்டன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை, எந்தச் செப்பேட்டிலும் இல்லை. ராஜாக்களுக்குக் கோட்டை இருக்கிறது, மிராசுதாருக்கு வீடு இருக்கிறது. உங்கள் தெருவில் நூறு வருடத்துக்கு முன்னால் நாலு காசு சேர்த்து, கூலி வேலை போக மிச்ச நேரத்தில் கல் சுமந்து கட்டிய ஒரே பொதுக் கட்டடம் அதுதான். ராஜா கட்டியதை எல்லாம் அரசாங்கம் பாதுகாக்கும்போது, உங்கள் ஆட்கள் கட்டியதை நீங்களே ஏன் இடிக்க வேண்டும்?

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "யோசிக்கணும் தம்பி" என்றார். அதுவே போதும்.

வேல்ஸ் கதையில் இங்கே ஒரு பாடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே கூட்டம் பெருகியது. கொட்டகை மாதிரி இருந்த கோயில்களை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். கொஞ்ச வருடத்தில் இன்னும் பெரிதாக. பல கோயில்களின் முகப்புக் கல்லில் 'கட்டியது', 'பெரிதாக்கியது', 'திரும்பக் கட்டியது' என்று மூன்று வருடங்கள் வரிசையாக இருக்கும். நம் பேனர் மாதிரியேதான், பக்கத்துச் சபையைவிட நம்முடையது உசத்தியாக இருக்க வேண்டும் என்ற போட்டி. 1904-05ல் பெரிய எழுப்புதல் வந்தது. அதன் பிறகு கூட்டம் குறைய ஆரம்பித்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடின, இளைஞர்கள் வெளியூர் போனார்கள். ஆயிரம் பேருக்குக் கட்டிய மண்டபத்தில் பத்து வயதானவர்கள். பல கோயில்கள் இன்று வீடாகவும் கிடங்காகவும் ஆகிவிட்டன. சிலவற்றையாவது காப்பாற்ற 1999ல் 'அட்டொல்டாய் கம்ரி' என்ற அறக்கட்டளை ஆரம்பித்தார்கள்.

அங்கே ஆள் இல்லாமல் கோயில் போகிறது. இங்கே ஆள் இருப்பதால் கோயில் போகிறது. ஆனால் நம் கிராமங்களிலும் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்க் கொண்டுதான் இருக்கிறார்கள். இரட்டைக் கோபுரத்துக்கான பணமே அவர்கள் அனுப்பியதுதான். இன்னும் முப்பது வருடம் கழித்து அந்த மண்டபத்தில் யார் உட்காருவார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சுண்ணாம்பு ஊரில் சுண்ணாம்புக்குப் பஞ்சம்

இப்போது சிவில் பாடம். வகுப்புத் தோழர்கள் தூங்க வேண்டாம் :-)

இடிப்பதற்குச் சொல்லும் இரண்டாவது காரணம், "சுவர் உதிருது, ஓதம் ஏறுது, இனி தாங்காது." போய்ப் பார்த்தேன். சுவர் உதிர்வது உண்மை. ஆனால் எந்த இடத்தில் உதிர்கிறது? பிற்காலத்தில் சிமெண்ட் பூசிய இடத்தில்தான் மோசமாக உதிர்கிறது. சிமெண்ட் படாத மேல் பகுதியில் பழைய சுண்ணாம்புப் பூச்சு இன்னும் வழவழவென்று இருக்கிறது.

காரணம் எளிது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். கீழேயிருந்து ஏறும் ஈரம் பூச்சின் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டுப் போகும். ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு பூக்கும், கடைசியில் சிமெண்ட் பூச்சு கீழே விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக் கொண்டு விழும். பழைய செங்கல் மெத்து, சிமெண்ட் முரடு. இரண்டும் ஒத்துப்போகாது. போதாததற்குத் தெருவில் மேலே மேலே சிமெண்ட் ரோடு போட்டதில் கோயிலின் தரை பள்ளமாகிவிட்டது. மழைத் தண்ணீர் சுவரின் காலில் நிற்கிறது. பிறகு ஓதம் ஏறாமல் என்ன செய்யும்?

இதில் வேடிக்கை என்னவென்றால் இது நடப்பது அரியலூர் பக்கம். ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. காரை பக்கம் ஓடையில் இறங்கினால் கடல் உயிர்களின் எச்சம். அந்தக் கடல் விட்டுப் போன சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் 1939லேயே பக்கத்தில் டால்மியாபுரம் ஆலை வந்தது. 1979ல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. அப்புறம் வரிசையாகத் தனியார் ஆலைகள். நாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லைச் சிமெண்டாக்கி அனுப்பும் ஊரில், ஒரு பழைய சுவருக்குப் பூச நல்ல சுண்ணாம்பு அரைக்க ஆள் இல்லை. காளவாய் இருந்த இடம் கேட்டால் பெரியவர்கள் கை காட்டுவார்கள், அங்கே முள்செடிதான் இருக்கும்.

கல்லைச் சுட்டு, நீற்றி, மணலும் செங்கல் தூளும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசியது அந்தப் பூச்சு. பூசிய பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக் கொண்டு மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. சிமெண்டுக்குச் சூளையில் 1450 டிகிரி வேண்டும், சுண்ணாம்புக்கு 900 போதும். நாம் படிக்கும் சிலபஸில் இதற்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வேலை தெரிந்தவர்கள் அழிந்துவிடவில்லை. செட்டிநாட்டில் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் இன்டாக் அமைப்பு பழைய கட்டடங்களைப் புதுப்பித்தபோது சுண்ணாம்பு வேலையைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

என்ன செய்யலாம்?

சும்மா புலம்பிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. அதனால் செய்யக்கூடிய நாலு விஷயம்.

முதலாவது, இடிக்கும் முன் பழுதுபார்க்கும் எஸ்டிமேட் ஒன்று வாங்க வேண்டும். புதிய ஆலயத்துக்கு மூன்று எஸ்டிமேட் வாங்கியிருக்கிறார்கள், பழையதைச் சரி செய்ய ஒன்றுகூட வாங்கவில்லை. உடைந்த ஓட்டை மாற்றுவது, கரையான் அரித்த சட்டத்தை மாற்றுவது, சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசுவது, சுவரைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது. இடித்துக் கட்டும் செலவில் இது ஒரு சின்னப் பங்குதான் வரும். தேவாலயங்களைப் பழுதுபார்க்க மாநில அரசே நிதியுதவி தருகிறது, விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, புதியது வந்த பிறகு பழையதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். சும்மா பூட்டி வைத்தால் அரசங்கன்று முளைத்துத் தானே விழும். மாலை டியூஷன், டிஎன்பிஎஸ்சி படிக்கும் பிள்ளைகளுக்கு வாசிப்பறை. அந்த அறை பிறந்ததே படிக்கத்தானே?

மூன்றாவது, எது நடந்தாலும் அளந்து வைப்பது. இது நம் வேலை. சிவில் படிக்கிற பத்துப் பேர், ஒரு டேப், ஒரு கேமரா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தரைப்படம், குறுக்குவெட்டு, ஜன்னல் அளவு. கூடவே அங்கே இருக்கும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் சபையாரின் அனுமதியோடு படம் எடுத்து வைக்கலாம். பல குடும்பங்களுக்கு அதில் இருக்கும் ஒரு வரிதான் பாட்டனைப் பற்றிய ஒரே எழுத்து.

நாலாவது, சட்டம். 1966ல் ஒரு தொல்லியல் சட்டம், 2012ல் ஒரு பாரம்பரிய ஆணையச் சட்டம் என்று காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் காலனித் தெரு முனையில் இருக்கும் ஓட்டுக் கட்டடத்தைத் தேடி எந்த ஆணையமும் வரப் போவதில்லை. வந்து நோட்டீஸ் ஒட்டினாலும் சபையாருக்குக் கோபம்தான் வரும், அதில் நியாயமும் உண்டு. இதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் அதற்குள் உட்கார்ந்தவர்களும், என் தாத்தா மாதிரி அதற்குள் எழுத்துக் கற்றவர்களின் பேரப்பிள்ளைகளும்தான்.

முடிவு அந்தச் சபையாருடையது. கட்டடம் அவர்களுடையது, காசு அவர்களுடையது. நான் கேட்பது ஒரு எஸ்டிமேட், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் பொறுமை. வகுப்பில் யார் வருகிறீர்கள்? டேப் என்னிடம் இருக்கிறது.